பொன்னாடையும் மணிக்கயிறும்

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, சித்திரை வருசம் பிறந்து மூன்றாம் நாள். ஐஸ்லாந்தில் ஏதோ ஒரு எரிமலை புகைந்து தொலைத்ததால் பாரிஸில் ஒரு விமானமும் கிளம்பவில்லை. கொழும்புக்குப் புறப்பட்டவர்கள் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். சென்னையிலிருந்து வரவேண்டிய முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வரவில்லை. கண்ணால் கண்டிராத அந்த மலையை, பாரிஸில் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ரூ பெர்தொனே தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கோசலைக்கு மட்டும் மலையும் மண்டையில் ஏறவில்லை, முருங்கைக்காயும் ஏறவில்லை. அவளுக்கு அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. பத்து நாளாக அரியநாயகம் கடைப்பக்கம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் இருவரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஆணுக்கு நெஞ்சுவரை தாடி, மீசை மட்டும் துப்புரவாக மழித்திருந்தது. கறுப்புத் தொப்பி, தோளில் பட்டி போட்ட காற்சட்டை. பெண்ணுக்குக் கணுக்கால்வரை சாம்பல் நிறச் சட்டை, கொண்டையை மூடிக் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே வாயைத் திறந்தபடி இருந்தார்கள். ஒருவன் படம் எடுக்கப் போனைத் தூக்கினான். தாடிக்காரர் கோபப்படாமல் முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது என்னப்பா, படப்பிடிப்போ?" என்று கோசலையின் கணவர் பொன்னம்பலம் கல்லாவிலிருந்து கேட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்கோ. பசியோடை வந்திருக்கினம்" என்றாள் கோசலை.

யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் நான்கு வருசம் வேலை பார்த்தவள் அவள். அந்த நாள் ஆங்கிலம் துருப்பிடித்துக் கிடந்தாலும் செத்துப்போகவில்லை. இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு விசாரித்தாள். அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் வயல் செய்கிற கமக்காரர்களாம். ஆமிஷ் என்கிற கிறிஸ்தவ சபை. முந்நூறு வருசத்துக்கு முன் தங்கள் சபை தொடங்கிய அல்சாஸ் மலையடிவாரத்தைப் பார்க்க வந்து, ரயிலில் பாரிஸுக்குத் திரும்பி, விமானம் இல்லாமல் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவான ஹோட்டல் ஒன்றில் அகப்பட்டுக் கிடந்தார்கள். பெண்ணின் பெயர் லிடியா. ஆணின் பெயர் ரூபன்.

"ரூபனோ! எங்கடை பெடியனெல்லோ!" என்று பொன்னம்பலம் சிரித்தார். அன்றிலிருந்து மூன்று நேரமும் அவர்களுக்கு அங்கேதான் சாப்பாடு.

அரியநாயகத்தின் கதையை இப்போது சொல்லாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது.

அவன் புதுக்குடியிருப்புக்காரன், நாற்பது வயது. இரண்டாயிரத்து ஏழில் தனியாக பாரிஸுக்கு வந்தான். பப்பியே, அதுதான் வதிவிடப் பத்திரம், கிடைத்ததும் மனைவி வதனாவையும் மகள் சுபாங்கியையும் கூப்பிடுவதாகத் திட்டம். பப்பியே கிடைக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், வைகாசிப் பதினெட்டில், முள்ளிவாய்க்காலில் இருவரும் ஒரே பங்கருக்குள் போய்விட்டார்கள். செய்தி ஆனியில்தான் வந்தது. அதைக் கேட்ட அன்று மாலை, கோசலையின் கடைத்தெருவில் ஒரு பின்முற்றத்துப் பழைய தையல் பட்டறையில் நம் ஆட்கள் வைத்திருக்கிற சின்ன அம்மன் மண்டபத்துக்கு வந்தான். பூசை தொடங்கியதும் போய் மணிக்கயிற்றைப் பிடித்தான்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. மத்தியானம்வரை உணவகத்தில் கோப்பை கழுவுவான், ஏழு மணிக்கு மணி அடிப்பான், பிறகு கோசலையின் கடையில் மூலை மேசையில் இரண்டு தோசை. பேச்சு என்று பெரிதாக இல்லை. "வாறன் அக்கா" என்பான், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் கோசலைக்கு அன்றைய நாள் சரியாக முடிந்த மாதிரி இருக்கும்.

மண்டபத்துச் செயலாளர் யார் என்கிறீர்கள்? நம் பொன்னம்பலம்தான். அவருடைய கூட்டாளி, நகைக்கடைக் குணரத்தினம், தன் செலவில் இந்தியாவிலிருந்து மின்சார மேளம் ஒன்றை இறக்கினார். சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றும். இரண்டு தடி மேளத்தை அடிக்கும், ஒரு சுத்தியல் மணியை அடிக்கும், இன்னொன்று சேமக்கலத்தை. ஆள் தேவையில்லை. எல்லோரும் கூடி நின்று சந்தோசப்பட்டார்கள். "பாவம் அரியம், பத்து மாசமாக் கை நோக அடிக்கிறான், இனி ஓய்வு எடுக்கட்டும்" என்று எல்லோருக்கும் ஒரே மனது. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, அவன் கையாலேயே சுவிட்சைப் போட வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னது யார்? கோசலை. வேறு யார்?

வருசப் பிறப்புக்கு முந்தின வாரச் செவ்வாய்க்கிழமை அது நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், கை தட்டினார்கள். அரியம் சுவிட்சைப் போட்டான். மேளமும் மணியும் அந்தச் சின்ன மண்டபத்தை அதிர அடித்தன. அவன் இரண்டு கையையும் தொங்கப் போட்டபடி நடுவில் நின்றான். கற்பூரம் காட்டும்போது கோசலை திரும்பிப் பார்த்தாள். ஆளைக் காணவில்லை.

பிறகு வரவேயில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் அவனோடு ஒரே அறையில் இருக்கிறவர்கள், வேலைக்குப் போகிறான், வருகிறான், சுவரைப் பார்த்துப் படுக்கிறான் என்றார்கள். கோசலை கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சல் கை படாமல் திரும்பி வந்தது. தனித்த மனுசன், நாங்களே அவனுடைய ஒரே பிடியையும் பொன்னாடை போர்த்திப் பறித்துவிட்டோமே என்று அவள் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தாள். அவன் தன்னை ஏதும் செய்துகொண்டுவிடுவானோ என்பதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் குறைவு. பொன்னம்பலம் ரூபனைப் பிடித்துக்கொண்டார். கோசலைதான் மொழிபெயர்ப்பு.

"இவரைக் கேளும் கோசலை. வீட்டிலை ரீவி இல்லையாம், கார் இல்லையாம், குதிரை வண்டியாம். ஆனா பிளேனிலை வந்திருக்கிறார். இதென்ன கணக்கு?"

ரூபன் சிரித்தார். இந்தக் கேள்வியை அவர் ஆயிரம் தரம் கேட்டிருப்பார் போல. தங்கள் சபையில் பழைய பிரிவு ஒன்று இருக்கிறது, அவர்கள் விமானம் ஏறுவதில்லை என்றார். தங்களுடையது புதிய பிரிவு. நாற்பது வருசத்துக்கு முன் கொஞ்சப் பேர், உடுப்பும் வண்டியும் மட்டும் பழையபடி இருந்து மனசு காய்ந்துபோய்க் கிடக்கிறதே என்று கவலைப்பட்டார்களாம். புகையிலையை விட்டார்கள். இளம் ஆட்களுக்கு வேத வகுப்பு வைத்தார்கள். அதற்காகவே பழையவர்கள் அவர்களைத் தள்ளி வைத்தார்கள். குதிரை வண்டியை விடவில்லை. உழவு இயந்திரத்தை வயலில் மட்டும் அனுமதித்தார்கள். தொலைபேசியை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் வீட்டுக்குள் இல்லை. ஒழுங்கை முடிவில் ஒரு மரக்கொட்டிலில் வைத்தார்கள். நான்கு வீட்டுக்கு ஒரு தொலைபேசி.

"மழையிலை நடந்துபோய்த்தான் கதைக்கவேணுமோ?" என்றார் பொன்னம்பலம்.

"நடக்கிறபோது, இந்தக் கதை தேவைதானா என்று யோசிக்க நேரம் கிடைக்கும்" என்றார் ரூபன். பொன்னம்பலம் தன் சட்டைப் பையிலிருந்த இரண்டு போனையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எதை உள்ளுக்கு விடலாம், எதை விடக்கூடாது எண்டு யார் முடிவெடுக்கிறது?" இதை கோசலை தனக்காகக் கேட்டாள்.

பதில் சொன்னது லிடியா. வருசத்தில் இரண்டு தரம், திருவிருந்துக்கு முன்னால் சபை கூடுமாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாங்கு வாங்காக, வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருத்தரையும் கேட்பார்களாம். கிழவியையும் கேட்க வேண்டும், நேற்று ஞானஸ்நானம் எடுத்தவளையும் கேட்க வேண்டும். ஒருத்தர் மனதில் குறை இருந்தாலும் திருவிருந்து நடக்காது. "என் தங்கை ஒருமுறை பதில் சொல்ல அரை மணித்தியாலம் எடுத்தாள். எல்லோரும் பேசாமல் காத்திருந்தோம்" என்றாள் லிடியா.

"புதுப்பொருள் ஒன்று வந்தால் என்ன கேட்பீர்கள்?" என்றாள் கோசலை.

"அது வந்தபின் பக்கத்து வீட்டுக்காரன் நமக்குத் தேவைப்படுவானா? முதலில் அதைத்தான் கேட்போம்" என்றார் ரூபன்.

கோசலைக்குச் சுரீர் என்றது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவினாள். பிறகு வந்து, அரியத்தின் கதை முழுவதையும் ஒன்று விடாமல் லிடியாவிடம் சொன்னாள். லிடியா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அவரைக் கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எதை?"

"இயந்திரம் வேண்டுமா என்று."

கேட்கவில்லை. முப்பது பேர் கூடிப் பொன்னாடை வாங்கினார்கள், நிறம் பார்த்தார்கள், சரிகை பார்த்தார்கள். அவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்று வீட்டில் கோசலை போட்ட போடு பொன்னம்பலத்துக்கு ஆயுளுக்கும் போதும். "செவ்வாய்க்கிழமை பூசைக்கு முன்னம் எல்லாரையும் கேக்கவேணும். ஆம்பிளையளை நீங்கள் கேளுங்கோ, பொம்பிளையளை நான் கேக்கிறன்."

"நிர்வாகசபை எண்டு ஒண்டு இருக்குது கோசலை. தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் வைச்சாச்சு. நீர் தொப்பிக்காரியின்ரை கதையைக் கேட்டு ஆடாதையும்."

"நல்லது. நிர்வாகசபையே மோதகமும் அவிக்கட்டும்."

பொன்னம்பலம் யோசித்தார். ஏழு பேர் கொண்ட நிர்வாகசபையில் மா குழைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. "சரி, சரி, கேப்பம்" என்றார்.

திங்கட்கிழமை கோசலை கார்ஜுக்குப் புறப்பட்டாள். லிடியாவும் கூட வந்தாள். ரயில்காரர்களின் கிரேவ், வேலைநிறுத்தம் வேறு. அரை மணித்தியாலத்துக்கு ஒன்று என்று வந்த ரயிலில் மூச்சு விட இடமில்லை. ஆனாலும் அந்த வெள்ளைத் தொப்பியைக் கண்டு ஒரு ஆபிரிக்கத் தாய் எழுந்து இடம் கொடுத்தாள். லிடியா தான் இருக்காமல் கோசலையை இருத்திவிட்டாள்.

அரியம் கதவைத் திறந்தான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, ஆள் பாதியாகிவிட்டிருந்தான். கோசலையைக் கண்டு தலை குனிந்தவன், பின்னால் நின்ற உருவத்தைக் கண்டு திகைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி போடப் போனான். அலுமாரிக்கு மேலே பொன்னாடை பிளாஸ்டிக் பைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் கோசலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, நாங்கள் பிழை விட்டிட்டம். உங்களைக் கேக்காமல் செய்துபோட்டம். நாளைக்குச் செவ்வாய். எல்லாரையும் கேக்கப்போறம். நீங்களும் வந்து உங்கடை சொல்லைச் சொல்லவேணும். மணி அடிக்க வேண்டாம். வந்தாக் காணும்."

அவன் தேத்தண்ணிக் கோப்பைகளை இருவர் கையிலும் கொடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தான். கோசலைக்கு இன்னும் நூறு வார்த்தை வாயில் நின்றது. பக்கத்தில் லிடியா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவசரம் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாதவள் மாதிரி இருந்தாள். கோசலை அவளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததாக அவளுக்கே ஞாபகமில்லை. தேத்தண்ணி ஆறியது. பக்கத்து வீட்டில் யாரோ குளித்து முடித்தார்கள்.

"எத்தினை மணிக்கு அக்கா?" என்றான் அரியம்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு முற்றத்தில் நல்ல வெயில். ரூபனும் லிடியாவும் வந்தார்கள், ஆனால் மண்டபத்துக்குள் வரவில்லை. உருவத்தின் முன்னால் தாங்கள் வணங்குவதில்லை, மன்னியுங்கள் என்று முதலிலேயே நேராகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை கோசலைக்குப் பிடித்துப்போயிற்று. தங்கள் வழியைத் துளியும் விட்டுக்கொடுக்காமல், இன்னொருத்தனுடைய மணிக்காக வேலிக்கு வெளியே நின்று கவலைப்படுகிற ஆட்களை அவள் எங்கே கண்டிருக்கிறாள்? "அப்ப நாங்கள் வெளியிலை வாறம்" என்று சொல்லி, நாற்காலிகளை எல்லாம் முற்றத்துக்கே இழுத்துப் போட்டாள்.

அரியம் வந்து கடைசி நாற்காலியில் இருந்தான்.

பொன்னம்பலம் ஆண்கள் பக்கம் போனார். முதலில், இயந்திரத்தை வாங்கிக் கொடுத்த குணரத்தினம். அவர் அரியத்தை ஒருமுறை பார்த்தார். "கழட்டுங்கோ. என்ரை பெயர் போட்ட பலகையை மட்டும் விட்டால் காணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவரும் கழற்றுங்கள் என்றார். அதற்கடுத்தவரும். பொன்னம்பலம் தன் முறை வந்ததும் தொண்டையைச் செருமி, "நானும் அப்பிடித்தான்" என்றார். அந்த மெசினைப் பெட்டியிலிருந்து எடுத்து, குழந்தையைத் துடைக்கிற மாதிரித் துடைத்தவர் அவர். கோசலைக்கு அவர்மேல் அன்பு பொங்கிற்று.

பெண்கள் பக்கம் கோசலை போனாள். முதல் ஆள் ஞானம்மா, வடைக்கு உழுந்து அரைக்கிறவள். "இருவது வருசமா இஞ்சை அரைக்கிறன் பிள்ளை. ஒருத்தர் என்னட்டை ஒரு விசயம் கேட்டது இண்டைக்குத்தான்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். அவளும் கழற்றச் சொன்னாள். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

முப்பத்தொரு பேர், ஒரே பதில். இனிக் கேட்க என்ன இருக்கிறது? பொன்னம்பலம் ஸ்குரூ டிரைவரைக் கூடக் கையில் எடுத்துவிட்டார். கோசலைக்கும் அரியத்தின் பதில் தெரியும் என்றுதான் நினைப்பு. ஆனால் முற்றத்து ஓரத்தில் லிடியா கடைசி நாற்காலியையே பார்த்தபடி இருந்தாள். ஒரு ஆள் மிச்சம்.

கோசலை அவன் முன்னால் போய் நின்றாள். "தம்பி, நீங்கள் சொல்லுங்கோ. மெசின் இருக்கட்டோ, கழட்டட்டோ?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெடித்த கைகள். நேரம் போயிற்று. ஒருத்தரும் அசையவில்லை.

"கழட்டாதேங்கோ அக்கா."

கோசலைக்குத் தன் காதில் சந்தேகம் வந்தது.

"நான் ஏன் போனனான் எண்டு உங்களுக்குத் தெரியாது. மணி அடிச்சா ரெண்டு கையும் கயித்திலை. கும்பிடத் தேவையில்லை. செய்தி வந்த நாள்தொட்டு நான் ஒருக்காக்கூடக் கும்பிடேல்லை. கும்பிட்டா அவையள் இல்லை எண்டு நானே சொன்ன மாதிரிப் போயிடும். அதுக்குத்தான் கயித்தைப் பிடிச்சனான். அண்டைக்கு மெசின் அடிக்குது, கை சும்மா கிடக்குது. முன்னாலை அம்மன். எனக்குப் பயம் வந்திட்டுது. ஓடிட்டன்."

ஞானம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு கிழமையாப் படுத்துக்கிடந்து யோசிச்சன். எப்பவோ ஒரு நாள் கும்பிடத்தானே வேணும். வாற வைகாசி மாசம் பதினெட்டு, அவையளின்ரை ஆண்டுத்திவசம். அண்டைக்கு மட்டும் மெசின் அடிக்கட்டும். மற்ற நாள் முழுக்க நான் அடிக்கிறன்." பிறகு, மிகவும் மெதுவாகச் சொன்னான். "அண்டைக்கு எனக்குக் கை வேணும் அக்கா."

பொன்னம்பலம் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டு, தீர்மானமும் இல்லாமல் கையெழுத்தும் இல்லாமல், நேரே போய் அரியத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கோசலை அழுதுகொண்டே முற்றத்து ஓரத்துக்குப் போய், அவன் சொன்னதை லிடியாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பாதிக்கு மேல் சொல் வரவில்லை. லிடியாவுக்கு அந்தப் பாதி போதுமாக இருந்தது. தொப்பியைக் கழற்றிய ரூபன் அதைத் திரும்பப் போட வெகுநேரம் எடுத்தார்.

அன்று மாலைப் பூசைக்கு அரியம் மணி அடித்தான். வியாழக்கிழமை விமானம் ஓடத் தொடங்க, ரூபனும் லிடியாவும் போய்விட்டார்கள்.

வைகாசிப் பதினெட்டும் ஒரு செவ்வாய்க்கிழமையாகவே வந்தது. அரியம் தாடி மழித்து, வேட்டி கட்டி வந்தான். தோளில் அந்தப் பொன்னாடை. சுவிட்சைப் போடச் செயலாளர் கையை நீட்ட, கோசலை தடுத்துத் தானே போய் நின்றாள். ஐயர் தட்டை ஏந்தி வந்து, யார் பெயருக்கு என்று கேட்டார்.

"வதனா" என்றான். மூச்சு எடுத்துக்கொண்டான். "சுபாங்கி. ஒன்பது வயசு."

கோசலை சுவிட்சைத் தட்டினாள். மேளமும் மணியும் சேமக்கலமும் ஒன்றாக எழுந்தன. அரியத்தின் கைகள் தொடையோடு ஒட்டிக் கிடந்து, மெல்ல மெல்ல மேலே வந்து, நெஞ்சைத் தாண்டி, தலைக்கு மேல் கூடின. அப்போதுதான் அவன் அழுதான். ஒரு வருசத்து அழுகை. சத்தம் போட்டே அழுதான், மேளம் அதை ஒருத்தருக்கும் கேட்க விடவில்லை.

கற்பூரம் அணைந்தது. தீபாராதனை முடிந்தது. ஐயர் போதும் என்று தலையசைத்தார். கோசலை தலையை ஆட்டி மறுத்தாள். அவன் கை கீழே இறங்கும்வரை அவள் சுவிட்சை நிறுத்தவில்லை.